வெள்ளம் புகுந்த வீட்டில் முதல் மூன்று நாட்கள்

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவ மழை சில ஆண்டுகளில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரு நாளில் 66 செ.மீ. மழை பதிவாயிற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., 2024 டிசம்பர் முதல் தேதியன்று பெஞ்சல் புயலால் மயிலத்தில் 51 செ.மீ. என்று கணக்குகள் உள்ளன. இத்தகைய மழையில் வயலில் நிற்கும் பயிரை எப்படிக் காப்பது, எப்படி நீர் வடிப்பது, எந்த உரத்தை மேலுரமாக இடுவது என்பவற்றை இவ்விதழில் பலமுறை படித்திருப்பீர்கள். ஆனால் அதே வெள்ளம் வீட்டிற்குள் நுழைந்து, குறுவையில் அறுத்து வைத்த நெல்லையும், சாப்பாட்டு நெல்லையும், விதையையும், மோட்டாரையும் நனைத்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வயலில் இழந்ததை அடுத்த பருவத்தில் ஓரளவு எடுக்கலாம். வீட்டில் உள்ள நெல்லோ உழைப்பும் செலவும் முழுவதும் முடிந்து கைக்கு வந்துவிட்ட பொருள். அது கெடுவதும் தப்புவதும் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் முடிவாகிவிடுகிறது.

நுழையுமுன்

நெல் எவ்வளவு அவசரமானாலும் உயிர் அதற்கு முந்தியது. வீட்டிற்குள் தண்ணீர் நிற்கும்போது மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. ஈரத் தரையில் நின்றுகொண்டு பியூஸ் கேரியரைப் பிடுங்குவதும் கூடாது. மின்வாரியத்திற்குச் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பிறகு உள்ளே செல்வது நல்லது. மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம்.

மண் சுவர் வீடாக இருந்தால் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மழை நின்றபின் சுவர் நின்றுவிட்டது என்று எண்ணுவது தவறு. அடியில் ஒரு முழம் ஊறிக் குழைந்திருக்கும் சுவர், மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்தும் சாயக்கூடும். அத்தகைய சுவரின் ஓரத்தில் குழந்தைகளைப் படுக்க வைப்பதும், மாட்டைக் கட்டுவதும் வேண்டாம். சாக்குகளுக்கிடையிலும் விறகுக் குவியலிலும் பாம்பு ஒண்டியிருக்கும். எனவே கையை விடுமுன் கோலால் தட்டிப் பார்க்கவும்.

இன்னொரு ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லில் வண்டு விழாதிருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். இதை வீட்டில் வைக்கவே கூடாது. இம்மாத்திரையைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று விதி உள்ளது. ஆயினும் வைத்திருப்பவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன். இம்மாத்திரையில் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் கொடிய நச்சு வாயு வெளிவரும். வெள்ளம் புகுந்த வீட்டில் பூண்டு வாடையோ, கார்பைடு கல் வாடையோ அடித்தால் ஒரு கணமும் நிற்காமல் எல்லோரும் வெளியேற வேண்டும். கதவு, சன்னல்கள் திறந்தபடியே இருக்கட்டும். வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்றும் முடிவு கட்டக்கூடாது. மாத்திரை நனைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலே உள்ளே போகாமல் தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லுங்கள். எலி மருந்தாக வாங்கி வைத்த துத்தநாக பாஸ்பைடுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூச்சிமருந்துப் புட்டிகள் கவிழ்ந்து கலந்த தண்ணீரில் நனைந்த தானியத்தை மனிதரும் உண்ணக்கூடாது, மாட்டிற்கும் கோழிக்கும் போடக்கூடாது. விலையை நினைத்து மனம் கேட்காது. ஆனாலும் அதைக் குழி தோண்டிப் புதைப்பதே சரி.

சுட்ட சுண்ணாம்பு மூட்டை நனைந்தால் கொதித்துச் சூடேறும். பக்கத்தில் வைக்கோல் இருந்தால் தீப்பற்றும். வெள்ளத்தில் நெருப்பா என்று சிரிக்க வேண்டாம்.

நனைந்த நெல்லில் நடப்பது என்ன?

விதை நெல்லை முளைகட்டும் முறையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்கிறீர்கள். பிறகு நீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, இருட்டில் 24 மணி நேரம் வைக்கிறீர்கள். மறுநாள் கையை விட்டால் சூடு தெரியும், முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். வெள்ளம் உங்கள் நெல் மூட்டைக்குச் செய்வதும் இதையேதான். ஊற வைக்கும் வேலையைத் தண்ணீர் செய்துவிட்டது. நனைந்த மூட்டைகளை மழைக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினால், மூட்டம் போடும் வேலையை நாம் செய்துவிடுகிறோம். வெள்ளத்திற்குப் பின் நெல் வீணாவதற்குத் தண்ணீரை விடத் தார்ப்பாயே அதிகக் காரணம் என்பது என் கருத்து.

ஈர நெல் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, மூச்சு விடுகையில் உஷ்ணம் உண்டாகிறது, உஷ்ணத்தில் பூசணம் பெருகுகிறது, பூசணமும் உஷ்ணத்தை உண்டாக்குகிறது. இரண்டு நாளில் முளை, மூன்றாம் நாள் புளித்த வாடை, பின் மணிகள் மஞ்சளாகவும் கறுப்பாகவும் மாறும். புதிதாக அறுத்த சில ரகங்களுக்கு உறக்கநிலை உண்டாதலால் முளைப்பது தாமதமாகலாம். ஆனால் உறக்கநிலை பூசணத்தைத் தடுக்காது.

பிரிப்பதே முதல் வேலை

வீட்டில் ஓரடி தண்ணீர் நின்றால் எல்லா நெல்லும் நனைவதில்லை. அடுக்கின் அடி வரிசையும், பத்தாயத்தின் கீழ்த்தட்டும், குதிரின் அடிப்பாகமும் நனையும். சாக்கு விளக்குத் திரியைப் போலத் தண்ணீரை மேலே இழுப்பதால், நீர் நின்ற மட்டத்திற்கு மேலும் ஒரு சாண் ஈரம் ஏறியிருக்கும். எனவே மேலே உள்ள காய்ந்த மூட்டைகளை முதலில் எடுத்து உயரமான இடத்திற்குக் கொண்டு செல்லவும். குதிரிலும் பத்தாயத்திலும் அடிவாயைத் திறந்துவிடுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் மேலே இருக்கும் காய்ந்த நெல் இறங்கி ஈர நெல்லுடன் கலந்துவிடும். மேல்வாய் வழியாக இறங்கி, காய்ந்ததை அள்ளி முடித்து, ஈரம் தட்டும் இடத்தில் நிறுத்தி, மீதியைத் தனியாக எடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 13 சதம் ஈரமுள்ள 900 கிலோ நெல்லில் 117 கிலோ தண்ணீர் இருக்கிறது. 30 சதம் ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 30 கிலோ தண்ணீர். இரண்டையும் கலந்தால் 1000 கிலோவில் 147 கிலோ, அதாவது 14.7 சதம். நெல்லைச் சேமிக்க 14 சதத்திற்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. ஒரு பங்கு ஈர நெல் ஒன்பது பங்கு நல்ல நெல்லைக் கெடுத்துவிடுகிறது. கலந்துவிட்டால் ஈரம் பரவிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பிரிக்கும்போது எது எந்தத் தண்ணீரில் நனைந்தது என்பதையும் பாருங்கள். கூரை ஒழுகிய மழைநீரும், வயலிலிருந்து ஏறிய நீரும் ஒரு வகை. கழிவறைத் தொட்டி, சாக்கடை, டீசல், பூச்சிமருந்து கலந்த நீர் வேறு வகை. இரண்டாவது வகையில் நனைந்தது உணவிற்கும் தீவனத்திற்கும் உதவாது.

உலர்த்த இடம் எவ்வளவு வேண்டும்?

100 கிலோ நெல்லை ஓரங்குல கனத்தில் பரப்ப ஏறத்தாழ 75 சதுர அடி இடம் வேண்டும். பத்துக் குவிண்டாலுக்கு 750 சதுர அடி. வெயில் இல்லாத நாளில், பாதி வீடு ஈரமாக உள்ளபோது, இவ்வளவு இடம் எந்த வீட்டிலும் இராது. ஆகவே பள்ளிக்கூடத் தாழ்வாரம், கோயில் மண்டபம், கல்யாண மண்டபம் என்று அன்றைக்கே கேட்டு வைக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் எதை முதலில் காப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். முதலில் விதை. அடுத்து, லேசாக ஈரம் தட்டிய நெல், ஏனெனில் அது சிறிது காற்றோட்டத்திலேயே தப்பிவிடும். முழுக்க ஊறியதற்கு வேறு வழி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். பலர் இதற்கு நேர்மாறாக, மிக மோசமாக நனைந்ததோடு முதல் நாள் முழுவதும் போராடிவிட்டு, லேசாக நனைந்ததை மறுநாள் பார்க்கும்போது அதுவும் சூடேறியிருப்பதைக் காண்கிறார்கள்.

வீட்டிற்குள் பரப்பும்போது சிமெண்டுத் தரையிலும் நேரே கொட்டாமல் பாயோ காய்ந்த சாக்கோ விரிக்கவும், தரையும் ஈரத்தை ஏற்றும். அரைமணிக்கு ஒரு முறை காலால் சால் பிடித்துக் கிளறவும். மின் இணைப்பைச் சோதித்த பிறகு மின்விசிறி வைக்கலாம். இரவில் இடமில்லாமல் குவிக்க நேர்ந்தால் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, கால்மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கம்பி வெதுவெதுப்பாக இருந்தால் எந்த நேரமானாலும் எழுந்து குவியலைக் கலைக்க வேண்டியதுதான்.

வெயில் வந்ததும் ஒரே மூச்சில் காயவைப்பதும் தவறே. மிக விரைவாக உலர்ந்த நெல் உள்ளே வெடிப்பு விட்டு, அரவையில் நொய்யாகப் போகும். காலை வெயிலில் காயவைத்து, நடுப்பகலில் நிழலில் குவித்து ஆறவிட்டு, மறுபடி பரப்புவது நல்லது. 24 சதம் ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 சதத்திற்கு வரும்போது 88 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எடை குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். போனது தண்ணீர்தான்.

ஈரப்பதமானி இல்லாதவர்கள் வேறொரு வழியில் சோதிக்கலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி காய்ந்த தூள் உப்பைப் போட்டு, அதன்மேல் பாதியளவு நெல் போட்டு மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்கவும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதத்திற்கு மேல் உள்ளது. பல்லில் கடித்து ஓசை கேட்டுச் சொல்லும் முதியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களையும் கேளுங்கள்.

கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு செல்வோர் கவனத்திற்கு ஒரு வார்த்தை. ஈரப்பத வரம்பு 17 சதம். மழை மிகுந்த ஆண்டுகளில் இது தளர்த்தப்படுவதுண்டு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிற்கு 19 சதம் வரை அனுமதித்தார்கள். ஆனால் தளர்வு ஆணை வரும்வரை நெல் முளைக்காமல் காத்திராது.

முழுக்க ஊறிய நெல்லைப் புழுக்கி விடுங்கள்

நல்ல தண்ணீரில் முழுக்க ஊறி, உலர்த்த வழியில்லாத நெல்லுக்கு நம் வீடுகளிலேயே பழைய மருந்து இருக்கிறது. அதுதான் புழுங்கல். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊற வைப்பதே முதல் கட்டம். அக்கட்டம் முடிந்துவிட்டது. நெல்லை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பதரையும் சேற்றையும் நீக்கி, அண்டாவில் போட்டு, நெல் வாய் விடும்வரை ஆவி காட்டவும். ஆவி பட்டதும் முளைப்பு நின்றுவிடும், நெல்லின் மூச்சும் அடங்கிவிடும், மேலே இருந்த பூசணமும் பெரும்பாலும் அழியும். இதை முதல் நாளே, மிஞ்சினால் இரண்டாம் நாளே செய்ய வேண்டும். முளை நீண்டு, புளித்த வாடை வந்தபின் புழுக்கினால் அரிசி கறுத்து வாடையுடன்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை. புழுக்கிய நெல்லும் ஈர நெல்தான். குவித்து வைத்தால் ஒரு நாளிலேயே பிசுபிசுப்பும் வாடையும் வந்துவிடும். ஆகவே அன்றன்று பரப்ப இடம் உள்ள அளவே புழுக்கவும். மற்றதற்கு முறை வரும்வரை சிறிது நாள் தள்ளிப்போட, 100 கிலோ ஈர நெல்லுக்கு 5 கிலோ வீதம் சாப்பாட்டு உப்பைச் சீராகக் கலந்து வைக்கலாம். உப்பு, மணியின் ஈரத்தை இழுத்து முளைப்பைத் தாமதப்படுத்தும். உப்புக் கலந்த நெல் விதைக்கு ஆகாது.

விதை நெல் நனைந்தால்

விதையைப் புழுக்கவும் முடியாது, உப்பும் போட முடியாது. சில மணி நேரம் மட்டுமே நனைந்த விதையை உடனே மெல்லிய கனத்தில் பரப்பி, நிழலிலும் காலை மாலை இளவெயிலிலும் உலர்த்தி 13 சதத்திற்குக் கொண்டுவரவும். உச்சி வெயில் வேண்டாம். ஏற்கெனவே முளை காட்டிவிட்டால் அதை மறுபடி உலர்த்துவதில் பயனில்லை. நாற்று விடப் பருவமும் நிலமும் வாய்த்தால் உடனே நாற்றங்காலில் விடலாம், இல்லாவிட்டால் அது விதையல்ல.

உலர்த்திக் காத்த விதையை நம்பி விதைக்குமுன் முளைப்புத்திறனைச் சோதித்தே தீரவேண்டும். நூறு மணிகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, எட்டாம் நாள் நல்ல முளைகளை எண்ணுங்கள். 80-க்குக் குறையாமல் இருந்தால் வழக்கமான அளவு போதும். 60 என்றால் 24 கிலோ விதைக்கும் இடத்திற்கு 32 கிலோ வேண்டும். அதற்கும் கீழ் என்றால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் வேறு விதைக்கு எழுதி வைத்துவிடுங்கள். நனைந்து காய்ந்த விதை சோதனையில் முளைத்தாலும் நாற்றங்காலில் சற்று நலிந்தே வரும், அடுத்த பருவம் வரை தாங்காது.

நிலக்கடலை, மக்காச்சோளம், தீவனம்

நெல்லை விட நிலக்கடலையும் மக்காச்சோளமும் ஆபத்தானவை. நனைந்து பூசணம் பிடித்த கடலையில் அப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இது போகாது. கெட்ட கடலையை மாட்டிற்குப் போட்டுவிடுவோம் என்பது வழக்கம். அந்நச்சு உருமாறிப் பாலில் வரும், அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான். நனைந்த பிண்ணாக்கு, தவிடு ஆகியவற்றிற்கும் இதையே சொல்ல வேண்டும். வைக்கோல் போரில் உட்புறம் சூடேறியிருந்தால் பிரித்துப் பரப்பிக் காயவைக்கவும், கறுத்துப் பூசணம் பிடித்த பகுதியை எருக்குழிக்கு அனுப்பவும்.

மோட்டார்

தண்ணீரில் மூழ்கிய மோனோபிளாக் மோட்டார், தண்ணீர் வடிந்ததும் நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஸ்டார்ட்டரை அழுத்தினால் காயில் கருகிவிடும். கழற்றி, நல்ல நீரால் சேற்றைக் கழுவி, வெயிலிலோ, 100 வாட் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டோ இரண்டு மூன்று நாள் உலர்த்தவும். பேரிங் கிரீசை மாற்றவும். மெக்கர் வைத்துப் பார்த்து, மின்காப்பு ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே ஓட்டலாம். காத்திருப்பது மூன்று நாள், காயில் கட்டுவதற்கு ஆகும் செலவோ உங்களுக்கே தெரியும்.

கிணறு

வெள்ளம் இறங்கிய கிணற்றில் கலங்கல் நீரை இறைத்து, புது நீர் ஊறியபின் மருந்திடவும். மீட்டரில் கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் இருந்தால் சுமார் 28,000 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். இதை வாளியில் பசைபோலக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கவும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்து இறைக்கும் நீரில் லேசான குளோரின் வாடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு முறை இடவும். வீட்டில் குடிக்கும் நீரைச் சில வாரங்கள் கொதிக்க வைத்தே குடியுங்கள். பிளீச்சிங் பவுடரை யூரியா சிந்திய இடத்திலோ, கழிவறை ஆசிட்டுடனோ சேர்க்கக்கூடாது, நச்சு வாயு உண்டாகும்.

சேற்று நீரில் நடந்தவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்திற்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடை மாத்திரையுடன் நில்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, வெள்ளத்தில் நடந்ததையும் சொல்லவும்.

காகிதங்களும் கணக்கும்

நனைந்த பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் உடனே பிரிக்காதீர்கள், ஒட்டிய தாள் கிழியும். சேற்றை நல்ல நீரில் மெல்ல அலசி, செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, தாளை மாற்றி மாற்றி நிழலில் உலர்த்தவும். உடனே உலர்த்த நேரமில்லாவிட்டால் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தால் கெடாமல் நிற்கும். பத்திரம் முற்றும் அழிந்தாலும் பதிவான ஆவணத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம்.

எதையும் தூக்கி எறியுமுன் தண்ணீர் நின்ற மட்டத்துடன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பயிர்க் காப்பீடு வீட்டில் உள்ள நெல்லுக்குப் பொருந்தாது. அறுத்து வயலில் காயப்போட்ட நெல் நனைந்தால் மட்டும், அறுத்த 14 நாட்களுக்குள் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்திற்கான அறிவிக்கையில் அப்பிரிவு உள்ளதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

சுவரும் தரையும்

வீட்டை விரைவில் பழையபடி ஆக்கும் ஆசையில் ஈரச் சுவரின்மேல் வெள்ளையடிப்பதும் பெயிண்ட் பூசுவதும் வேண்டாம், உள் ஈரம் வெளியேறாமல் பூச்சு உப்பி உதிரும். மண் சுவரின் அரித்த அடிப்பகுதியைச் சிமெண்டால் பூசாமல் மண்ணும் உமியும் கலந்தே பூசவும். செங்கல் சுவர் காய்ந்ததா என்று அறிய, ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் கட்டியிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அதுவரை நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரச்சட்டத்தின் மேலோ செங்கல் மேல் பலகை போட்டோ அடுக்கவும்.